கப்பல் பிந்தும்போது கரையில் காத்திருப்பவர்கள்: துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து மற்றும் நீர்வழிகள் அமைச்சகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். களியக்காவிளைப் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கணினியும் நகலெடுக்கும் பொறியும் வைத்துக்கொண்டு, கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். அதற்கு முன்பு பதினான்கு ஆண்டுகள் உல்லாசப் பயணக் கப்பல்களின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தேன். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கொல்லங்கோடு, தூத்தூர், குழித்துறைப் பக்கத்துத் தமிழர்கள். மீதிப் பேர் பாறசாலையிலிருந்தும் பூவாற்றிலிருந்தும் வரும் மலையாளிகள். மாநில எல்லைச் சோதனைச் சாவடிக்கு எந்தப் பக்கம் வீடிருந்தாலும் அவர்கள் கொண்டுவரும் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பவை ஒன்றுதான்: கடவுச்சீட்டு, சி.டி.சி. எனும் கப்பல் பணிப் பதிவேடு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள், மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை, மெடிக்கல் என்று நாங்கள் சொல்லும் உடற்தகுதிச் சான்றிதழ், கடைசியாக, வேலைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டதாக ஏஜென்ட் கொடுத்த ஒற்றைத் தாள். இந்த மடல் அந்த ஒற்றைத் தாளைப் பற்றியது.

வெளிநாட்டுப் பயணக் கப்பல்களை நம் துறைமுகங்களில் நிலைகொள்ள வைப்பதற்கு நீங்கள் எடுத்துவரும் முயற்சியை நான் ஆர்வத்தோடு கவனித்து வருகிறேன். அந்தக் கம்பெனிகளோடு பேசும் மேசையில், கப்பல் பிந்தினால் அதற்கான செலவைப் பணியாளர் தலையில் கட்டக் கூடாது என்ற ஒரு நிபந்தனையையும் எழுத்தில் வையுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

என் தங்கை மகனின் கதையைச் சொன்னால் விஷயம் விளங்கும். மார்த்தாண்டத்தில் ஓட்டல் படிப்பு முடித்துத் திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டுகள் அறை பராமரிப்பு வேலை பார்த்தவன். ஐரோப்பாவில் கட்டி முடிக்கப்படவிருந்த புதுக் கப்பல் ஒன்றுக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூன் மாதம் ஜாயினிங், கப்பல் புளோரிடாவில் நிலைகொள்ளும் என்றார்கள். ஓட்டல் வேலையை விட்டான். தங்கை ஐந்து பவுனை அடகு வைத்தாள். சென்னை போய்க் கப்பல் பணியாளருக்கான அமெரிக்க விசாவும் வாங்கி வந்தான். ஜூன் ஆகஸ்டு ஆயிற்று, ஆகஸ்டு நவம்பர் ஆயிற்று. நவம்பரில், கப்பல் முதல் பருவத்தை மத்தியதரைக் கடலில் கழிக்கப் போகிறது, ஆகவே ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா வேண்டும், அதற்கான பணத்தைக் கட்டு என்று ஏஜென்ட் சொன்னார். புதிதாக வாங்கிய அமெரிக்க விசா கடவுச்சீட்டில் அப்படியே கிடக்கிறது. இதற்கிடையில் மெடிக்கலின் காலமும் முடியப் போகிறது.

இப்போது அவன் விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறான். கப்பலுக்கு வாங்கிய கறுப்புத் தோல் காலணி சூட்கேசுக்குள்ளேயே இருக்கிறது. அதில் பூசணம் பிடிக்காமலிருக்கத் தங்கை செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வைத்திருக்கிறாள். எங்கள் ஊர் மழையில் தாள் நமத்துப் போவதால் இதுவரை மூன்று முறை மாற்றிவிட்டாள். கப்பல் பிந்திய செய்தியைக் கைப்பேசியில் படித்துவிட்டு ஒருநாள் அவன் கேட்டான்: “மாமா, சீட்டு எடுத்தவனுக்குப் பைசா திருப்பிக் குடுக்கான், நமக்கு என்ன தருவான்?” பதினான்கு ஆண்டு கப்பலில் கழித்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

கப்பல் பிந்துவது அரிதாக நிகழும் விபத்தன்று என்பதை உங்கள் துறைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய பயணக் கப்பல்களைக் கட்டும் தளங்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உள்ளன: ஜெர்மனியில் பாப்பன்பர்க், பின்லாந்தில் துர்க்கு, பிரான்சில் சான் நசேர், இத்தாலியில் பின்கான்தியேரி நிறுவனத்தின் தளங்கள், அண்மையில் ஷாங்காயும் சேர்ந்திருக்கிறது. ஜப்பானின் மிட்சுபிஷி நாகசாகியில் கட்டிய ஐடாபிரிமா என்ற கப்பல் 2015 மார்ச்சில் கைமாற வேண்டியது. 2016 மார்ச்சில்தான் கைமாறியது. அதற்கு முந்தைய ஜனவரியில் மட்டும் கப்பலுக்குள் மூன்று முறை தீப்பிடித்தது. பட்ட நட்டத்தில் மிட்சுபிஷி பெரிய பயணக் கப்பல் கட்டுவதையே கைவிட்டது. துர்க்குவில் உருவான கோஸ்டா ஸ்மரால்டா 2019 அக்டோபரிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது. ரிட்ஸ் கார்ல்டனின் எவ்ரிமா 2020 பிப்ரவரியில் புறப்படுவதாக இருந்து 2022 அக்டோபரில்தான் பார்சலோனாவை விட்டுக் கிளம்பியது. கட்டும் தளமே தடுமாறுவதும் உண்டு. பாப்பன்பர்க்கில் கப்பல் கட்டும் மேயர் வெர்ப்ட் நிறுவனத்தை 2024இல் ஜெர்மன் அரசும் லோயர் சாக்சனி மாநில அரசும் சேர்ந்து பெரும்பங்கு வாங்கித்தான் காப்பாற்றின.

உடற்கூடு முடிந்தால் கப்பல் முடிந்துவிட்டது என்று கரையிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் ஒருமுறை தளத்திலிருந்து வெளிவந்த புதுக் கப்பலில் ஏறியிருக்கிறேன். தாழ்வாரத்துக் கம்பளத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. கூரைப் பலகைகளைக் கழற்றி வைத்துக்கொண்டு மின்பணியாளர்கள் ஏணியில் நின்றிருந்தார்கள். எங்கள் சலவைக்கூடத்துக்குப் புதுத் துண்டுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. புதுத் துண்டு தண்ணீரைக் குடிக்காது. ஒருமுறை துவைத்த பிறகுதான் உடம்பைத் துடைக்கும். ஆகவே ஒரு பயணிகூட ஏறாத கப்பலில் இரவும் பகலும் அத்தனை துண்டுகளையும் துவைத்தோம். ஆயிரக்கணக்கான அறைகள், அவற்றின் குழாய்கள், கம்பிகள், சமையற்கூடங்கள், அரங்குகள் என்று கடைசிக் கட்டத்தில் குவியும் உள்வேலையில்தான் தேதி நழுவுகிறது. திரவ இயற்கை எரிவாயு போன்ற புது எரிபொருளில் ஓடும் கப்பலானால் சோதனையும் கூடுகிறது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அரைகுறையாய் நிற்கும் கப்பலில் ஆளை ஏற்றுவதைவிடப் பிந்துவது மேல்.

நம் பகுதிக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு டிஸ்னி அட்வென்ச்சர். சுமார் 2,08,000 டன் கொள்ளளவுள்ள அந்தக் கப்பல் ஜெர்மனியின் விஸ்மாரில், ஆசியச் சந்தையைக் குறிவைத்து, வேறொரு பெயரில் தொடங்கப்பட்டது. 2022 ஜனவரியில் கட்டிய நிறுவனம் திவாலாயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் டிஸ்னி அதை வாங்கியது. குறைந்தது ஐந்து ஆண்டுகள் சிங்கப்பூரில் நிலைகொள்ளும் என்று அறிவித்தது. 2025 டிசம்பர் 15 என்றிருந்த முதல் பயணம் பிறகு 2026 மார்ச் 10க்குத் தள்ளிவைக்கப்பட்டது. இந்தக் கப்பல் சிங்கப்பூருக்கு ஏன் போயிற்று, கொச்சிக்கோ சென்னைக்கோ ஏன் வரவில்லை என்று என் கடையில் பலர் கேட்டிருக்கிறார்கள். கம்பெனிகள் ஒரு கப்பலின் தாய்த்துறையை, அதாவது பயணங்கள் தொடங்கி முடியும் துறைமுகத்தை, முடிவு செய்யும்போது நாலாபுறத்திலிருந்தும் வந்திறங்கும் விமானங்கள், ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களை இறக்கி ஏற்றும் முனையம், எரிபொருள், சரக்கு, அருகருகே இறங்கிப் பார்க்க ஊர்கள், ஆண்டு முழுவதும் ஓட்டக்கூடிய கடல் ஆகியவற்றை எடைபோடுகின்றன. நமக்கோ தென்மேற்குப் பருவமழை நான்கு மாதத்தை எடுத்துக்கொள்கிறது. பயணச்சீட்டு ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடுவதால், முடிவும் அவ்வளவு முன்னதாகவே எடுக்கப்பட்டுவிடுகிறது.

இந்தியாவில் நிலைகொண்ட கப்பல்களின் வயதைப் பார்த்தால் நாம் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். 2010இன் இறுதியில் கொச்சியிலிருந்து ஓடத் தொடங்கிய அக்வாமரைன் 1971இல் கட்டப்பட்டது. 2016இல் மும்பையிலிருந்து மாலத்தீவுக்குப் போன கோஸ்டா நியோகிளாசிகா 1991இல் பிறந்தது. 2019இல் வந்த கர்ணிகா 1990ஆம் ஆண்டுக் கப்பல். அடுத்த ஆண்டே அது குஜராத்தின் அலங்கில், கப்பல் உடைக்கும் கரையில், உடைபடப் போனது. 2021இல் மும்பையிலும் 2022இல் சென்னையிலும் பயணத்தைத் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸும் 1990இல் கட்டப்பட்டதே. கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்திக்கு இலை விழும். புதுக் கப்பல் கரீபியனுக்கோ மத்தியதரைக் கடலுக்கோ வந்து சேர்ந்தால், அங்கே ஓடிய நடுவயதுக் கப்பல் வேறு துறைக்கு நகரும். அங்கிருந்து நகரும் பழைய கப்பல்தான் நமக்கு வரும். ஆகவே ஏதோ ஒரு ஐரோப்பியத் தளத்தில் வேலை ஆறு மாதம் பிந்தினால், அந்தப் பிந்தல் பந்தி பந்தியாக இறங்கிக் கடைசியில் கொச்சியின் அட்டவணையிலும் வந்து நிற்கக்கூடும். துறைமுகத்தோடு உடன்பாடு எழுதும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கப்பல்களுக்காக நீங்கள் திறந்துவிட்ட வாசல்கள் குறைவல்ல. கொச்சியில் 2021 பிப்ரவரியில் சாகரிகா முனையம் திறக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று, பயணக் கப்பல் சுற்றுலாவை வளர்ப்பதற்கான குரூஸ் பாரத் இயக்கம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணக் கப்பல் நடத்துபவர்களின் வருமானத்தில் 20 விழுக்காட்டை மட்டுமே லாபமாகக் கொண்டு வரி கணக்கிடும் பிரிவு அதே ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இவ்வளவு கொடுக்கும் அரசுக்குப் பதிலுக்கு ஒன்று கேட்கும் உரிமை உண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. கடலோடிகளுக்கான பன்னாட்டு ஏற்பாடான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006ஐ இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றது. அதன்படி ஆள் சேர்ப்பதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. என் மருமகனிடம் விசாப் பணம் கேட்டது தவறு என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஏஜென்டோ கப்பல் உரிமையாளரோ வேலை ஒப்பந்தப்படி நடக்காததால் கடலோடிக்கு ஏற்படும் பண இழப்பை ஈடுகட்டக் காப்பீடு போன்ற ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், அந்த ஏற்பாடு வேலை ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் பையன்கள் கையிலிருப்பதோ தேர்வானதாகச் சொல்லும் ஒற்றைத் தாள்; ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது கப்பலேறும் நேரத்தில்தான். நடுவிலுள்ள எட்டு மாதம், பத்து மாதம் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

ஆகவே, தேர்வுத் தாளிலேயே கப்பலேறும் தேதியை எழுதவும், அந்தத் தேதியிலிருந்து முப்பது நாளுக்கு மேல் பிந்தினால் அடிப்படைச் சம்பளத்தில் பாதியையாவது மாதந்தோறும் கொடுக்கவும், தேதியோ தாய்த்துறையோ மாறியதால் மறுபடி எடுக்க நேரும் மெடிக்கல், விசா ஆகியவற்றின் செலவு முழுவதையும் ஏற்கவும், உரிமம் பெற்ற ஏஜென்சிகளையும் அவை ஆள் எடுத்துக் கொடுக்கும் கம்பெனிகளையும் கட்டாயப்படுத்துங்கள். காத்திருக்க விரும்பாதவன் அபராதமில்லாமல் விலகி வேறு கப்பலுக்குப் போகலாம் என்பதையும் சேருங்கள். மூலச் சான்றிதழ்களை ஏஜென்ட் பிடித்து வைத்துக்கொண்டதால் அழுதுகொண்டே என் கடைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தியத் துறைமுகத்தைத் தாய்த்துறையாகக் கேட்டு வரும் கம்பெனியோடு எழுதும் உடன்பாட்டில் இவை தனிப் பிரிவாக இடம்பெற வேண்டும்.

இப்படிக் கேட்டால் கம்பெனிகள் ஆளெடுக்கப் பிலிப்பைன்சுக்குப் போய்விடும் என்று ஏஜென்டுகள் சொல்வார்கள். பிலிப்பைன்ஸ் அரசு தன் கடலோடிகளுக்குப் பொதுவான ஒப்பந்த வாசகத்தை நெடுங்காலமாகவே வகுத்து வைத்திருக்கிறது. நீங்கள் குரூஸ் பாரத் இயக்கத்தைத் தொடங்கிய அதே 2024 செப்டம்பரில், கடலோடிகளின் உரிமைகளுக்கென்றே அங்கே தனிச் சட்டமும் கையெழுத்தானது. அதனால் அங்கிருந்து ஆளெடுப்பதைக் கப்பல் கம்பெனிகள் நிறுத்திவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மடலின் மையத்துக்குச் சற்று விலகியதுதான் என்றாலும். கொரோனாக் காலத்தில், 2020இல், விழிஞ்ஞம் கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குப் படகில் ஆள் மாற்றம் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து விழிஞ்ஞம் எட்டிப்பிடிக்கும் தூரம். 2025 மே மாதம் முதல் அங்கே பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் முறைப்படி இயங்குகிறது. பயணக் கப்பல் அங்கே நிலைகொள்ளாது போகலாம். ஆனால் இந்தியக் கடல் வழியே போகும் பயணக் கப்பல்களுக்கு அங்கேயே ஆளேற்றும் வசதியைப் பற்றி யோசிக்கலாம். அப்படி நடந்தால், ஏறும் துறை மாறியதற்காக விசாவுக்கு விசா அலைவது எங்கள் பையன்களில் சிலருக்காவது மிச்சமாகும்.

என் மருமகனின் மெடிக்கல் அடுத்த மாதம் பதினான்காம் தேதியோடு முடிகிறது. ஏஜென்ட் சொல்லும் புதுத் தேதி அதற்கு ஒன்பது நாள் கழித்து வருகிறது. மறுபடி எடுக்க வேண்டிய மெடிக்கலுக்கும் ஷெங்கன் விசாவுக்கும் பணம் கொடுக்க வேண்டியது அவனா, கம்பெனியா என்பதற்கு, அந்தப் பதினான்காம் தேதிக்குள் எழுத்தில் ஒரு பதில் தந்தால் நகலெடுத்து என் கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன். இதே கேள்வியோடு இந்த வாரம் மட்டும் ஆறு பேர் வந்தார்கள்.

இப்படிக்கு,
கப்பல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவன்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.