நிலத்தடி நீர் மாவட்டம்: வாக்கெடுப்புக்கு முன் செலவுக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெக்சாஸில் நகர எல்லைக்கு வெளியே நிலம் வாங்கி, சொந்தக் கிணற்றை நம்பி வாழும் தமிழ் வாசகர்களின் கவனத்துக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன். கிணறுகளுக்கு அனுமதி வழங்கி நீர் இறைப்பதை முறைப்படுத்தும் 'நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மாவட்டம்' என்னும் உள்ளாட்சி அமைப்பை ஒரு கவுண்டியில் (மாநிலத்தின் நிர்வாகப் பிரிவு ஒன்றில்) உருவாக்கும் பேச்சு எழும்போதெல்லாம், "இன்னொரு வரியா?" என்ற கேள்வியே முதலில் வருகிறது. கேள்வி நியாயமானது, ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் அரைகுறையானவை.

மாநிலத்தின் நீர்ச் சட்டத் தொகுப்பு, 36ஆம் அத்தியாயத்தில், இத்தகைய மாவட்டம் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 50 சென்ட் வரை வரி விதிக்க இடமளிக்கிறது. மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு அது ஆண்டுக்கு 1,500 டாலராகும் என்பதால் எதிர்ப்பாளர்கள் அந்த உச்ச வரம்பையே எடுத்துக்காட்டுகிறார்கள். வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் அந்த வரியை விதிக்க முடியாது என்பதையும், நடைமுறையில் பெரும்பாலான மாவட்டங்கள் அதில் சிறு பகுதியையே வசூலிக்கின்றன என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. வரிக்குப் பதிலாக இறைப்புக் கட்டணம் வாங்கலாம். பொதுச் சட்டத்தின்படி அது வேளாண்மைக்கு ஒரு ஏக்கர்-அடிக்கு 1 டாலரையும் பிற பயன்பாட்டுக்கு 10 டாலரையும் தாண்டக் கூடாது. ஒரு ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர், அதாவது 3,25,851 கேலன். ஆகவே உச்சக் கட்டணமே ஆயிரம் கேலனுக்கு ஏறத்தாழ 3 சென்ட்தான். பத்து ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், நாளொன்றுக்கு 25,000 கேலனுக்கு மேல் இறைக்க இயலாத வீட்டுக் கிணறுகளுக்கும் கால்நடைக் கிணறுகளுக்கும் அனுமதிச்சீட்டே தேவையில்லை.

என் கவலை வேறு. கட்டணம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, பெரிய அளவில் நீர் இறைப்போர் அதிகம் இல்லாத ஒரு தனிக் கவுண்டி எதைக்கொண்டு மாவட்டத்தை நடத்தும்? மாவட்டத்தை வாக்காளர்கள் உறுதிப்படுத்தும் தேர்தல், அலுவலகம், மேலாளர், ஆண்டுத் தணிக்கை, கண்காணிப்புக் கிணறுகள், மாநில நீர் மேம்பாட்டு வாரியம் ஏற்கத்தக்க மேலாண்மைத் திட்டம், நிலநீரியல் வல்லுநர் என்று செலவுகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றையும் மிஞ்சக்கூடியது வழக்குச் செலவு. நிலத்தடியில் உள்ள நீர் நில உரிமையாளரின் சொத்து என்று 2012இல் மாநில உச்ச நீதிமன்றம், எட்வர்ட்ஸ் என்னும் நிலத்தடி நீர்ப்படுகையில் இறைப்பதை முறைப்படுத்தும் எட்வர்ட்ஸ் நீர்ப்படுகை ஆணையம் தொடர்பான டே வழக்கில் தீர்ப்பளித்தது. இறைப்பு அனுமதியை மறுத்ததற்கும் குறைத்ததற்கும் அதே ஆணையத்துக்கு எதிராகப் பிக்கான் கொட்டை மரத் தோப்பு உரிமையாளர்கள் தொடுத்த இன்னொரு வழக்கில், 2016இல் நடுவர் குழு சுமார் 25 லட்சம் டாலர் இழப்பீடு நிர்ணயித்தது. அனுமதியை மறுக்கவோ குறைக்கவோ துணியும் சிறிய மாவட்டம் ஒன்று இப்படியொரு வழக்கைத் தாங்குமா? தாங்காது என்று அஞ்சினால் கேட்டவர்க்கெல்லாம் அனுமதி வழங்கும், மக்களோ பாதுகாப்பு இல்லாமலேயே அதற்குச் செலவழித்துக்கொண்டிருப்பார்கள்.

மாவட்டமே வேண்டாம் என்பதற்காக இதை நான் சொல்லவில்லை. 1904இல் வந்த ஈஸ்ட் வழக்கின் தீர்ப்பு முதல், தன் நிலத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம் என்ற விதியே டெக்சாஸில் அடிப்படையாக இருக்கிறது. ஹெண்டர்சன் கவுண்டியில் ஒரு குடிநீர் நிறுவனம் நாளொன்றுக்குச் சுமார் 90,000 கேலன் இறைத்ததால் தங்கள் கிணறுகள் வற்றின என்று முறையிட்ட அண்டை வீட்டாருக்கு, 1999இலும் உச்ச நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைக்கவில்லை. கிணற்றை ஆழப்படுத்தும் செலவும் புதிய கிணறு தோண்டும் செலவும் எந்தப் பொது பட்ஜெட்டிலும் பதிவாவதில்லை. அவற்றைக் குடும்பங்களே தனித்தனியாகச் சுமக்கின்றன.

ஆகவே மாவட்டத்தை முன்மொழிவோர், முதல் ஐந்து ஆண்டுகளுக்கான வரவு செலவு மதிப்பீட்டை, வழக்கு நிதியையும் சேர்த்து, வாக்கெடுப்புக்கு முன்பே பொதுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். ஒரே நீர்ப்படுகையைப் பகிரும் பக்கத்துக் கவுண்டிகளோடு சேர்ந்து ஒரு மாவட்டமாக அமைத்தால் மேலாளருக்கும் வல்லுநருக்கும் ஆகும் செலவு எவ்வளவு குறையும் என்பதையும் அந்த மதிப்பீட்டிலேயே காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
டெக்சாஸ் வாசகர் ஒருவர்