படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேச ஒரு மாலை வேண்டும்

எங்கள் ஊர் வாயனசாலையின் (நூலகத்தின்) நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊர் ஒன்றில் வசிக்கும் தமிழ் வாசகி நான். நம் வாயனசாலையில் பல காலமாக உறுப்பினர். கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் நினைவாக ஜூன் 19 அன்று வாசிப்பு நாளை நீங்கள் சிரத்தையாக நடத்துகிறீர்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து பேசுகிறார், நாங்கள் கேட்கிறோம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் ஒவ்வொருவர் வீட்டிலும் பாதி படித்த புத்தகம் ஒன்று கிடக்கிறது. அதைப் பற்றிப் பேச இடம் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த இடத்தைக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

படித்து முடித்த பிறகு பேசலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். முடித்த பிறகு பேசுவது வேறு, நடுவில் பேசுவது வேறு. முடித்துவிட்டால் எல்லோரும் தீர்ப்புதான் சொல்கிறோம்: நல்ல நாவல், சுமார், நீளம் அதிகம். நடுவில் இருக்கும்போதுதான் கோபம் வருகிறது, இந்த ஆள் ஏன் இப்படிச் செய்தான் என்று சண்டை போடத் தோன்றுகிறது. அந்தச் சண்டைக்கு ஆள் கிடைத்தால் படிப்பும் சேர்ந்து வளரும்.

இப்போது நான் 'கசாக்கின் இதிகாசம்' படித்துக்கொண்டிருக்கிறேன், யூமா வாசுகியின் தமிழில். ஓ.வி. விஜயனின் இந்த மலையாள நாவல் 1969இல் புத்தகமாக வந்தது. அதற்கு வித்திட்ட தஸ்ராக் கிராமம் நமக்குப் பக்கம்தான். விஜயனின் சகோதரி அங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்திருக்கிறார். அந்தப் பனைமரங்களையும், கணவாய் வழியாக வரும் காற்றையும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியராக வரும் கதாநாயகன் ரவியிடம்தான் எனக்குச் சிக்கல். சிற்றன்னையுடன் நேர்ந்த உறவின் குற்ற உணர்வைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைகிறான். அவனுடைய வேதனைக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. அவன் வாழ்க்கைக்குள் வந்துபோகும் பெண்களின் வேதனைக்கு அவ்வளவு இடம் இல்லை. மொழி கட்டிப்போடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஊரின் இஸ்லாமிய மதகுரு அள்ளாப்பிச்சா மொல்லாக்கா வரும் பகுதிகளில்தான் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. புதுப் பள்ளிக்கூடம் வந்தால் குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் தன் ஓத்துப்பள்ளி என்னவாகும் என்று கலங்கும் அந்த மனிதரை ரவியைவிட நன்றாகப் புரிகிறது.

மலையாளத்தில் இதைப் பலமுறை படித்தவர்கள் உங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். நான் சொல்வது தப்பு என்று அவர்கள் மறுத்துப் பேசினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒரே நாவலை இரண்டு மொழிகளில் படித்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வாதம் செய்ய எல்லா ஊருக்கும் வாய்க்காது. நமக்கு அது நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது.

தன்வரலாறுகளையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். நாவலில் வரும் ஆளோடு சண்டை போடலாம். தன்வரலாற்றில் வருபவர் உண்மையான ஆள், அங்கே வேறு மாதிரிக் கேட்க வேண்டியிருக்கிறது. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்குக் கைமாறிவிட்டது. தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைச் சிறுமியாக இருந்த பாமா பார்க்கிறார். பார்த்துச் சிரிக்கிறார். பிறகு, அவர் தொட்டால் தீட்டு என்று மேல்சாதிக்காரர்கள் நினைப்பதுதான் காரணம் என்று அண்ணன் சொன்னதும் சிரிப்பு நின்றுபோகிறது. இதைப் படித்த ஒரு அக்கா, "இதையெல்லாம் எதுக்கு எழுதணும்?" என்றார். இன்னொரு வீட்டில் ஒரு பாட்டி பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தான் களத்துமேட்டில் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. அது வீட்டுத் திண்ணையில் நடக்காது, சாதி குறுக்கே நிற்கும். வாயனசாலை பொது இடம், அங்கே நடக்கலாம்.

அப்புறம், நெல்லியாம்பதியிலும் வால்பாறையிலும் எஸ்டேட் வேலை செய்துவிட்டு இறங்கி வந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. பி.எச். டேனியல் என்ற தோட்டத்து மருத்துவர் எழுதிய ஆங்கில நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று வந்திருக்கிறது. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியின் பேச்சை நம்பி மலையேறிப் போனவர்களின் கதை. பெயருக்கு நாவல், ஆனால் அந்த டாக்டர் கண்ணால் கண்ட துன்பம் வரிக்கு வரி தெரிகிறது. அதில் ஒரு அத்தியாயத்தை உரக்க வாசித்தால் போதும், நம் பெரியவர்கள் மீதியைத் தங்கள் நினைவிலிருந்து சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த மாலையில் இடம் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பேசுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இருக்கிறது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். ஐயர் அதுவரை அதைப் படித்ததில்லை. 1887இல் சிந்தாமணியை அவரே அச்சில் கொண்டுவந்தார். ஒருவர் படித்ததை இன்னொருவர் விசாரித்ததில் தொடங்கிய வேலை அது.

சரி, எனக்கு வேண்டியது பெரிய ஏற்பாடு இல்லை. மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், தலைமையுரை வேண்டவே வேண்டாம். பேச வருபவர் மலையாளத்திலோ தமிழிலோ பேசட்டும், நமக்கு இரண்டும் காதில் ஏறும். கதைச் சுருக்கம் சொல்லி நேரத்தைக் கடத்த வேண்டாம். எந்த இடத்தில் நின்றுபோனோம், எது உறுத்தியது என்று சொன்னால் போதும். பிடிக்கவில்லை என்று சொல்பவரை யாரும் மடக்கக் கூடாது. பெண்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், அதனால் நான்கு மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

கிராண்ட் பணத்தில் புத்தகம் வாங்கப் போகும்போது தமிழ் வாசகர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நம் தமிழ் அலமாரியில் பழைய வார இதழ் தொகுப்புகளும் சமையல் புத்தகங்களும்தான் அதிகம். மேலே சொன்ன 'கசாக்கின் இதிகாசம்', 'கருக்கு', 'எரியும் பனிக்காடு' மூன்றும் அங்கே இல்லை, நாங்கள் சொந்தக் காசில் வாங்கிச் சுற்றுக்கு விட்டவை. முதல் கூட்டத்துக்கு வரும்போது அவற்றை வாயனசாலைக்கே கொடுத்துவிடத் தயாராக இருக்கிறோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, எந்த ஞாயிறு என்பதை நோட்டீஸ் பலகையில் இரண்டு மொழியிலும் எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசகி