அச்சுறுத்தியது போதும், உள்ளதைச் சொல்லுங்கள்

பினாங்கு மாநிலப் பள்ளிகளில் போதைப்பொருள் தடுப்பு விளக்கக்கூட்டம் நடத்தும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பிறை அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று மாணவர்களுக்கு நேர்ந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் தரப்பிலிருந்தே ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார். அதனால் முழுக் கதையையும் இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் அறிக்கையில் இடம்பெற்றிருக்காது என்று நான் அஞ்சும் ஒரு பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

ஊமத்தை விதையை அவித்துக் குடித்த பையன் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் நிலை தவறிவிட்டான். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்ததோ விடியும் வேளையில். இடைப்பட்ட நேரம் முழுவதும் அவனுடைய இரண்டு நண்பர்களும் அறைக்கதவைத் தாழிட்டு அவனை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். வெறும் காற்றில் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தான். காலமாகிவிட்ட பாட்டியோடு பேசினான். உடம்பு அனலாகக் கொதித்தது, ஒரு துளி வியர்வை இல்லை. கையில் தொலைபேசி இருந்தும் அவர்கள் 999-ஐ அழைக்கவில்லை. பள்ளி மண்டபத்துத் திரையில் நீங்கள் காட்டிய விலங்கு மாட்டிய கைகளும், அதன் கீழே இருந்த போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 15, 5,000 ரிங்கிட் அபராதம் அல்லது 2 ஆண்டுச் சிறை என்ற வரியும்தான் அவர்கள் நினைவில் நின்றிருந்தன. "கூப்பிட்டால் எங்களையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தோம் ஆன்டி" என்று அவர்களில் ஒருவன் என்னிடம் அழுதான்.

மருத்துவமனையிலும் அவர்கள் வாய் திறக்கவில்லை. சிறுநீர்ச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. வழக்கமான சோதனை அட்டை ஊமத்தையைக் காட்டாது, மாயத்தோற்றம் காட்டும் எல்எஸ்டி என்ற இரசாயனத்தையும் மாயக் காளானையும்கூடக் காட்டாது. போதை இல்லை என்று கேட்ட தாய், பிள்ளையைக் காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று விபூதிக்கு ஆள் அனுப்பினாள். பிறகுதான் நான் அந்த இரண்டு பையன்களையும் தனியே அழைத்து உட்காரவைத்து, கெஞ்சி, உண்மையை வாங்கினேன். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். என்ன உள்ளே போயிருக்கிறது என்று தெரியாமல் ஒரு நோயாளியின் முன் நிற்பது எப்படிப்பட்ட அவஸ்தை என்பதை அறிந்தவள்.

ஆகவே கேட்கிறேன்: அடுத்த விளக்கக்கூட்டத்தில் மாணவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

முன்பு பள்ளி மண்டபத்தில் நீங்கள் நடத்திய கூட்டத்தில் பெற்றோர் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். சியாபு என்கிற மெத்தம்பெட்டமின், ஹெராயின், எல்எஸ்டி, காளான், கெட்டமின் அத்தனையையும் ஒரே பட்டியலில் அடக்கி, "ஒருமுறை தொட்டால் ஆயுளுக்கும் அடிமை" என்றார் உங்கள் பேச்சாளர். எல்எஸ்டிக்கு உடல் அப்படி அடிமையாவதில்லை என்பது மருத்துவப் பாடநூலில் இருக்கும் செய்தி. நான்காம் படிவ மாணவன் அதைத் தன் கைத்தொலைபேசியில் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்டுபிடித்தவன் நீங்கள் சியாபுவைப் பற்றிச் சொன்ன உண்மையையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிடுகிறான்.

உண்மை போதுமான அளவுக்குப் பயங்கரமானது. எல்எஸ்டியை 1938-இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கிய ஆல்பர்ட் ஹோஃப்மன், 1943-இல் அதைத் தானே உட்கொண்டு பார்த்தார். அளவு ஒரு கிராமில் நான்காயிரத்தில் ஒரு பங்கு. அதுவே அவரைக் கதிகலங்க வைத்தது. மூளையில் செரட்டோனின் என்ற நரம்புச் செய்தி போய் அமர வேண்டிய ஏற்பிகளில் இது அமர்ந்துகொள்கிறது, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆட்டிவைக்கிறது. மாயக் காளானின் சைலோசிபின் உடலில் சைலோசினாக மாறி அதே ஏற்பிகளைத்தான் பிடிக்கிறது, நான்கைந்து மணி நேரத்தில் தணிகிறது. இவற்றை உட்கொண்டவருக்குத் தான் காண்பது மருந்தின் வேலை என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். ஆனால் பயம் பற்றிக்கொண்டால் மாடியிலிருந்து குதிக்கவும் சாலையில் ஓடவும் கூடும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். எல்எஸ்டி என்று சொல்லி விற்கும் காகிதத் துண்டில் என்-போம் வகை இரசாயனம் இருந்து உயிர் போனதும் உண்டு. இத்தனையில் எந்த ஒன்றை அன்று சொன்னீர்கள்?

ஊமத்தையின் வழியே வேறு. அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற நஞ்சுகள் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியையே தடுத்துவிடுகின்றன. கண்மணி விரிகிறது, வாய் வறள்கிறது, வியர்வை நிற்பதால் உடல் சூடேறுகிறது, சிறுநீர் அடைத்துக்கொள்கிறது, இதயம் தறிகெட்டு ஓடுகிறது. குடித்தவனுக்குத் தான் காண்பது பொய் என்ற நினைப்பே இருக்காது. ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் நஞ்சின் அளவு மாறும். அதன் பாதிப்பு ஒரு நாள், இரண்டு நாள்கூட நீடிக்கும். இந்தச் செடி சிவனுக்குப் பூச் சாத்துவதற்காக நம் கோயில் வேலியோரத்திலேயே வளர்கிறது. மலாய்க்காரர்கள் கெச்சுபுங் என்று அறிந்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, மூலிகைதானே என்று அந்தப் பையன்கள் நினைத்தார்கள். உங்கள் பட்டியலில் அதன் பெயரே இல்லை.

போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று 1983 பிப்ரவரி 19-ஆம் நாள் அறிவித்தார்கள். அன்றிலிருந்து எத்தனை பதாகை, எத்தனை டீ-சட்டை, எத்தனை சுவரொட்டிப் போட்டி! தமிழ்ப் பெற்றோருக்குக் கிடைப்பதோ, வாசித்தால் பொருள் விளங்காத ஒரு மொழிபெயர்ப்புத் தாள். தேசிய நச்சு மையம் இதே பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எதைக் குடித்தான், என்ன செய்யலாம் என்று கேட்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அந்த எண்ணை எந்தப் பள்ளிப் பலகையிலாவது எழுதிப்போட்டிருக்கிறீர்களா? சிறைத் தண்டனையை எழுத இடம் இருந்ததே!

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். ஊர் ஊராய் அலைந்து இந்தக் கூட்டங்களை நடத்தும் உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். கேட்பது இதுதான்: மாணவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். எந்தப் பொருள் உடலில் என்ன செய்கிறது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஊமத்தையைச் சேருங்கள். நண்பன் நிலை தவறினால் அவனைத் தனியே விடாதே, ஆம்புலன்ஸை அழை, எதைக் குடித்தான் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல் என்பதை முதல் வரியாகப் போடுங்கள். நண்பனைக் காப்பாற்ற அழைத்தவன்மேல் வழக்கு வராது என்று காவல்துறையோடு பேசி எழுத்தில் அறிவியுங்கள்.

புதிய விளக்கத் தாளின் தமிழ்ப் பகுதியைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். ஊதியம் வேண்டாம். பள்ளி விடுமுறை முடிவதற்குள் அழைத்தால் நல்லது, அடுத்த தவணைக் கூட்டங்களுக்கு முன் தாளை அச்சிட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
பிறை, பினாங்கு