சிமென்ட் இறுகுவதற்கு முன் எஸ்டிமேட்டைக் காட்டுங்கள்

எங்கள் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கும், பொறியாளர்களுக்கும், பணி மேற்பார்வையாளர்களுக்கும் வணக்கம்.

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத் தெருவில் போட்ட சிமென்ட் சாலை. மேல்பரப்பு பெயர்ந்து ஜல்லி வெளியே தெரிகிறது என்று மனு கொடுத்ததற்கு, "பணி மதிப்பீட்டின்படி முடிக்கப்பட்டது" என்று பதில் அனுப்பினீர்கள். ஐயா, அந்த மதிப்பீட்டை, அதாவது எஸ்டிமேட்டைத்தான் நாங்கள் வேலை நடந்த அன்றே கேட்டோம்.

கலவை கொட்ட ஆரம்பித்த காலையில், எத்தனை அங்குலம் கனம் போடணும் அண்ணே என்று தெருப் பிள்ளைகள் கேட்டார்கள். காண்ட்ராக்டரின் ஆள், "நீ என்ன இன்ஜினியரா?" என்றார். சரி, தெரிந்தவரையே கேட்போம் என்று ஓவர்சியருக்குப் போன் போட்டால், "ஆர்டிஐ போட்டு வாங்கிக்கோங்க" என்று வைத்துவிட்டார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். பதில் தரச் சட்டம் உங்களுக்கு 30 நாள் கொடுக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தெருவுக்குச் சிமென்ட் போட இரண்டு மூன்று நாள் போதும். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தபோது சாலை இறுகி, ஓரத்தில் மண் அணைத்து, பில்லும் பாஸாகியிருந்தது.

எங்கள் கஷ்டமே இந்த இடத்தில்தான். கட்டடம் என்றால் சுவரையாவது தட்டிப் பார்க்கலாம். சாலை அப்படியில்லை. அடியில் மண்ணை ஒழுங்காகக் கெட்டித்தார்களா, ஜல்லி எவ்வளவு விரித்தார்கள், அதன் மேல் கலவை எத்தனை அங்குலம் நின்றது என்பதெல்லாம் கலவைக்கு ஓரத்தில் அடித்த பலகையைப் பிரிக்கும் வரைதான் கண்ணுக்குத் தெரியும். ஓரத்தில் மண் தள்ளிவிட்டால் உள்ளே இருப்பது காண்ட்ராக்டருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். அப்புறம் கனத்தைச் சோதிக்க வேண்டுமானால் சாலையைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதை நாங்கள் செய்தால் பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாக எங்கள் மேலேயே வழக்கு வரும்.

ஆகவே கேட்பது இரண்டுதான். வேலை தொடங்கும் முன்பே எஸ்டிமேட் நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். பில் பாஸாகும் முன்பு எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில் எழுதிய அளவுகளை ஊர்க்காரர்கள் பார்க்க விடுங்கள்.

இது நாங்களாகக் கண்டுபிடித்த உரிமை இல்லை. தகவல் உரிமைச் சட்டம் வந்தது 2005-இல். அதன் 2(ஜெ) பிரிவு, காகிதத்தை மட்டுமல்ல, நடக்கும் பணியையே பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. ஜல்லியையும் எம் சாண்டையும் ஒரு பையில் போட்டுக் கையெழுத்திட்டுத் தாருங்கள் என்று உங்களிடம் கேட்கலாம் என்று அர்த்தம். 4-ஆம் பிரிவோ, திட்டங்களையும் செலவு விவரங்களையும் யாரும் கேட்காமலே நீங்களாக வெளியிட வேண்டும் என்கிறது. கலவையை அச்சில் வார்த்து 28-ஆம் நாள் நசுக்கிப் பார்க்கும் கியூப் டெஸ்ட் ரிசல்ட் எங்கே என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று காது கேட்பதில்லை.

தகவல் பலகை வைத்தோமே என்பீர்கள். வைத்தீர்கள், வேலை முடிந்த பிறகு. அதில் தலைவர்கள் பெயர் தூரத்திலிருந்தே படிக்கிற அளவில் இருக்கிறது, தொகையும் இருக்கிறது. நீளம், அகலம், கனம் மட்டும் இல்லை. கிராம சபையும் அப்படித்தான். 2022-இல் ஆண்டுக்கு நான்கு என்பதை ஆறாக்கினார்கள், நல்ல விஷயம். ஆனால் தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசித்து முடித்துவிட்டுக் கையெழுத்து நோட்டை நீட்டுவதற்கு ஆறு முறை எதற்கு, ஒரு முறை போதுமே! ராஜஸ்தானில் 1994-இலேயே ஒரு மக்கள் அமைப்பினர் ஊர்மக்களைக் கூட்டி வைத்து, எந்த வேலைக்கு யாருக்கு எவ்வளவு கொடுத்ததாக எழுதியிருக்கிறது என்று பகிரங்கமாக வாசித்துக் காட்டினார்கள். எங்கள் ஊரில் ஒரு கல்வெர்ட்டின் (சிறுபாலத்தின்) கணக்கை வாசிக்கச் சொன்னால், "அஜெண்டாவில் இல்லை" என்கிறீர்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். உங்களில் நேர்மையாக அளவெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு ஓவர்சியர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். அதனால்தான் சொல்கிறோம், நீங்கள் வர முடியாத நாட்களில் எங்கள் கண் அங்கே இருக்கட்டும். டேப் பிடித்து அளக்கத் தெரிந்த கொத்தனார்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், சம்பளமும் கேட்கமாட்டார்கள்.

அடுத்து மேட்டுத்தெரு வடிகாலுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டதாகக் கேள்விப்படுகிறோம். தயவுசெய்து, குழி தோண்டும் முன்பே அதன் எஸ்டிமேட் நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பசை வேண்டுமானால் நாங்களே வாங்கித் தருகிறோம்.

நன்றியுடன்,
பள்ளிக்கூடத் தெரு, மேட்டுத்தெரு மக்கள் சார்பில்