மதியம் ஒரு மணிக்கு மீனாட்சி அம்மன் கோயில்: உங்கள் 'வெள்ளிவிழாத் தம்பதி' சுற்றுலா குறித்த புகார்

அனுப்புநர்:
பெயர், முகவரி முன்பதிவுப் படிவத்தில் உள்ளபடி,
திருப்பூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மதுரை இரண்டு நாள் சுற்றுலாவில் சொன்னபடி செய்யாதது, கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

ஐயா,

பிப்ரவரி இரண்டாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் உங்கள் ஏற்பாட்டில் நானும் என் மனைவியும் மதுரை போய் வந்தோம். எங்களுக்குத் திருமணமாகி 25 வருடம் ஆனதற்காகப் போனது. இருவருக்கும் சேர்த்து ரூ. 21,500 முன்பணமாகவே கட்டிவிட்டேன். ஊர் திரும்பியதும் தொலைபேசியில் சொன்னேன். "ஃபீட்பேக் ஃபார்ம் அனுப்புறோம் சார், ஃபில் பண்ணிடுங்க" என்றார்கள். அதில் ஐந்து நட்சத்திரம் இருந்தது, எழுத இடம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். மார்ச் மாதத்துக்கு முன் இரண்டு நாள் விடுப்பு வாங்குவது என்ன பாடு என்று அந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், அடுத்த வருடம் மதுரைக்குக் கூட்டிப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அடுத்த வருடம் பெரியவன் பிறந்தான். அப்புறம் என்னென்னவோ. இந்த முறை எங்கே போகலாம் என்று கேட்டபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: ராத்திரி பள்ளியறை பூஜை பார்க்க வேண்டும். சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளத்தோடு அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்களே, அது. அவளுடைய அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்ன கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்.

இதை முன்பதிவு செய்யும்போதே உங்கள் அலுவலகத்தில் சொன்னேன். "கண்டிப்பா சார், கப்பிள்ஸுக்கு அதுதான் ஹைலைட்டே" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. இணைத்திருக்கிறேன்.

உங்கள் பட்டியலில் சனிக்கிழமை இரவு 7 மணிக்கு "உணவு நடை", அதில் கறி தோசை, மட்டன் சுக்கா. 9 மணிக்குப் பள்ளியறை பூஜை. அதைப் பார்த்ததும் மனைவி, "ஏனுங்க, கறி தின்னுட்டா கோயிலுக்குள்ள போறது?" என்றாள். நியாயம்தானே? சனிக்கிழமை சைவம் மட்டும், கறி தோசையை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயிலெல்லாம் முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். "ஓகே சார், நோட்டட்" என்றீர்கள். அதுவும் இணைப்பில் இருக்கிறது.

சனிக்கிழமை காலை 9.20-க்கு ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். கார் வந்தது 10.35-க்கு. ஓட்டுநர் தம்பிக்கு 10 மணிக்குத்தான் தகவல் சொல்லியிருக்கிறார்கள், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட வந்த வழிகாட்டி "மதுரை மல்லி வரவேற்பு" என்று ஒரு சரத்தை எடுத்துக் கொடுத்தார். மனைவி வாங்கிக் கையில் ஒரு நிமிடம் வைத்திருந்தாள். ஒன்றும் சொல்லாமல் தலையில் வைத்துக்கொண்டாள். காருக்குள் ஏறியதும் மெதுவாக, "இது காக்கடாங்க" என்றாள். மல்லி என்றால் மொக்கு தடித்து உருண்டிருக்கும், கார் முழுக்க மணக்கும். இதில் வாசமே இல்லை. குளிர்காலத்தில் மல்லி வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும் என்பது எங்களுக்கும் தெரியும். விலை அதிகம், காக்கடா வைக்கிறோம் என்று சொல்லியிருந்தால் சரி என்றிருப்போம். 2013-லேயே புவிசார் குறியீடு வாங்கிய பூவின் பெயரில் ரூ. 500 வசூலித்துவிட்டு வேறு பூவைக் கொடுப்பதற்கு என்ன பெயர்?

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போயிருந்தால்கூட மீதியை மறந்திருப்பேன். வழிகாட்டி எங்களை ஒரு சேலைக் கடையில் இறக்கினார். 55 நிமிடம். சுங்குடி என்று எடுத்துப் போட்டார்கள். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றினால்தான் சுங்குடி. பிரித்துப் பார்த்தால் முடிச்சு இருந்த இடம் லேசாகச் சுருங்கியிருக்கும், புள்ளி ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அங்கே காட்டியதில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. திருப்பூர்க்காரனிடம் பிரிண்டைக் காட்டி முடிச்சு என்றால் எப்படி? ஒன்றும் வாங்கவில்லை என்றதும் வழிகாட்டியின் முகம் மாறிவிட்டது. அதன் பிறகு மாலை வரை எங்களோடு சரியாகப் பேசவே இல்லை.

கோயில் வாசலுக்கு வந்தபோது 12.10. செருப்பை விட்டு, செல்போனைக் கொடுத்துச் சீட்டு வாங்கி (2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கூடாது, அதையும் எங்களுக்கு வரிசையில் நின்ற ஒரு அம்மாதான் சொன்னார்), சோதனை முடிந்து வருவதற்குள் 12.30. நடை சாத்தியாகிவிட்டது. "நாலு மணிக்குத்தான் சார் திறப்பாங்க" என்றார் வழிகாட்டி, அவருக்கும் அப்போதுதான் தெரிந்த மாதிரி.

அப்போதுதான் உங்கள் அச்சிட்ட பட்டியலை நிதானமாகப் படித்தேன். கணக்குக்காரன், முன்னமே படித்திருக்க வேண்டும், அது என் தப்பு. சனிக்கிழமை மதியம் 1.00 முதல் 3.00 வரை மீனாட்சி அம்மன் கோயில். மாலை 5.30-க்கு திருமலை நாயக்கர் மகால். ஞாயிறு மதியம் 1.00 காந்தி அருங்காட்சியகம். 2.30 திருப்பரங்குன்றம்.

ஐயா, கோயில் நடை 12.30-க்குச் சாத்தி 4-க்குத் திறக்கிறது. மகாலை 5 மணிக்கு மூடுகிறார்கள். அருங்காட்சியகத்தில் 1 முதல் 2 வரை மதிய இடைவேளை. திருப்பரங்குன்றம் 1-க்குச் சாத்தி 4-க்குத் திறக்கும். நான்கு இடம், நான்குக்கும் பூட்டியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்று செய்தாலும் இவ்வளவு துல்லியமாக வராது. கோயில் நிர்வாகத்தின் மேலோ மகாலின் மேலோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. பெரியார் பஸ் நிலையத்தில் கடலை விற்பவரைக் கேட்டாலும் இந்த நேரங்களைச் சொல்வார். இந்தப் பட்டியலைப் போட்டவர் மதுரைக்கு வந்ததே இல்லை என்பதுதான் என் புகாரின் சாரம்.

மகாலை 4 மணிக்கே பார்த்துவிடலாம் என்று யோசனை சொன்னது ஓட்டுநர் தம்பி. நல்லவேளை. 1636-இல் கட்டியது, இப்போது நிற்பது பழைய அரண்மனையில் ஒரு பகுதிதான், அதற்கே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. "இங்க மொத்தம் ஆயிரம் தூண் சார்" என்றார் வழிகாட்டி. ஆயிரங்கால் மண்டபம் இருப்பது கோயிலுக்குள், அதிலும் தூண் 985. மகாலில் 248. மனைவி சொன்னதும், "எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்றார். அவருக்குத்தான் வழிகாட்டிக் கட்டணம் ரூ. 2,000.

இனி உணவு நடை. இருவருக்கு ரூ. 3,600. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, தெருவோரம் பருத்திப்பால், மாசி வீதியில் இட்லி என்று படத்தோடு போட்டிருந்தீர்கள். 7.30-க்கு எங்களைக் கூட்டிப்போனது ஒரு ஏ.சி. உணவகத்தின் மாடிக்கு. பஃபே. பன்னீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், நடுவில் சிக்கன் 65. சைவம் என்று எழுதிக் கொடுத்திருந்தோமே என்றால், "கோபி இருக்கே சார்." நடப்பது எங்கே என்று கேட்டேன். பிளேட்டை எடுத்துக்கொண்டு பஃபே மேஜையைச் சுற்றி வருவதுதானாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜிகர்தண்டா என்று ஒன்று வந்தது. சுண்டக் காய்ச்சிய பாலில் கடல்பாசி போட்டு, நன்னாரி ஊற்றி, மேலே ஐஸ்கிரீமை ஒரு கரண்டி வைத்தால் டம்ளரில் பழுப்பு நிறமாகக் கலங்கி நிற்கும். நான் இருபது வருடம் முன்பு கம்பெனி வேலையாக வந்தபோது குடித்தது நாக்கில் இன்னும் இருக்கிறது. இங்கே தந்தது ரோஸ் கலர், உள்ளே சேமியா. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "பாயசத்துல சர்பத்த ஊத்திட்டாங்களாட்ட" என்று கீழே வைத்தாள்.

8.30-க்கே கிளம்பலாம் என்றேன். வேறு இரண்டு குடும்பங்களுக்கும் அவரே வழிகாட்டியாம், அவர்கள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், பில் வர வேண்டும். கடைசியில் நாங்கள் கோபுர வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி 9.50. காவலர் மரியாதையாகத்தான் சொன்னார்: "பல்லக்கு உள்ள போயிருச்சும்மா. காலையில அஞ்சு மணிக்கு வாங்க." மனைவி கோபப்படவில்லை. வெளியிலிருந்தே கும்பிட்டாள். கொஞ்ச நேரம் அம்மன் சன்னதித் தெருவில் ஒரு படியில் உட்கார்ந்திருந்தோம். நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். "பரவால்லீங்க, பசிக்குது" என்றாள்.

வழிகாட்டியை அனுப்பிவிட்டு நாங்களாகவே நடந்தோம். பதினொன்றே கால் இருக்கும், ஒரு தள்ளுவண்டியில் ஆவி பறக்க இட்லி எடுத்துக்கொண்டிருந்தார்கள். துணியிலிருந்து பிய்த்து வாழையிலையில் போட்டு, நாலு வகைச் சட்னி. சுற்றி நின்று சாப்பிட்டவர்களில் பூக்கட்டும் பெண்கள், ஆட்டோக்காரர்கள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். தூங்கா நகரம் என்று உங்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, அது அங்கேதான் இருந்தது. இருவருக்கும் சேர்த்து ரூ. 110. அந்தப் பணத்தை நான் உங்களிடம் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஆட்டோ பிடித்து 5 மணிக்கே கோயிலுக்குப் போய் நிம்மதியாகத் தரிசனம் செய்தோம். 9 மணிக்குக் கார் வந்ததும் ஓட்டுநர் தம்பி பட்டியலைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டரைக்குப் போனா குன்றத்துல பூட்டத்தான் பாக்கணும். இப்பவே அங்கிட்டுப் போயிருவோம்ணே" என்றார். அப்படியே போனோம். முருகன் தெய்வானையை மணந்த இடத்தில், கல்யாணமாகி 25 வருடம் ஆன அடுத்த நாள் நிற்பது எங்களுக்குப் பெரிய விஷயம். 2 மணிக்கு மேல் காந்தி அருங்காட்சியகம். பிறகு தெப்பக்குளம், 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது, அதைத் தோண்டியபோது கிடைத்தவர்தான் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்று தம்பி சொன்னார். வழிகாட்டிக் கட்டணம் அவருக்குத்தான் போயிருக்க வேண்டும். மாலை ஊர் கிளம்புமுன் கறி தோசையும் அவர் காட்டிய மெஸ்ஸில்தான். தடித்த தோசை, மேலே முட்டை, அதற்கு மேல் மட்டன், திருப்பிப் போட்டு அழுத்தி எடுத்தார்கள். ஒன்றை இருவரால் முடிக்க முடியவில்லை. அதற்கும் காசு எங்களுடையதே.

இவ்வளவையும் சகித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை உங்களிடமிருந்து ஒரு பில் வந்தது. "திட்ட மாற்றக் கட்டணம் ரூ. 1,200." கோயில் திறந்திருக்கும்போது கோயிலுக்குப் போனதற்கு அபராதம்! பதற்றத்தில் மனைவி அதையும் ஜிபேயில் கட்டிவிட்டாள். நான் கேட்டபோது, தரிசன நேரம் கோயில் நிர்வாகத்தின் கையில் இருப்பது, நிறுவனம் பொறுப்பல்ல என்று மின்னஞ்சல். நேரத்தை வைப்பது அவர்கள்தான். அதைப் பார்த்துப் பட்டியல் போடுவதற்குத்தானே உங்களுக்குக் காசு?

என் கணக்கு இது. உணவு நடை 3,600, வழிகாட்டி 2,000, மல்லி 500, திட்ட மாற்றம் 1,200, ஆக ரூ. 7,300. அறையும் காரும் சரியாக இருந்தன, அவற்றில் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. பள்ளியறை பூஜைக்கு என்ன தொகை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அதைச் சேர்க்கவில்லை. எழுத்தில் ஒரு மன்னிப்பு, என் பெயருக்கு வேண்டாம், மனைவி பெயருக்கு அனுப்புங்கள்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஓட்டுநர் தம்பியிடம் இதற்காக யாரும் விளக்கம் கேட்க வேண்டாம், அவர் செய்த மாற்றம் எல்லாம் நாங்கள் கேட்டுத்தான்.

பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல், பில், மின்னஞ்சல் நகல்கள் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்தவர்.

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்குமுன் இன்று காலை உங்கள் இணையதளத்தைப் பார்த்தேன். மதியம் 1.00, மீனாட்சி அம்மன் கோயில் என்றுதான் இன்னும் இருக்கிறது. வரும் சனிக்கிழமைக்கு இரண்டு தம்பதிகளுக்குத்தான் இடம் பாக்கி என்றும் போட்டிருக்கிறீர்கள். அவர்களுக்காவது நேரத்தை மாற்றிக் கொடுங்கள்.