பாப்பாவுக்கு, கண்காட்சிக்கு முன்

அன்புள்ள பாப்பா,

கண்காட்சிக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. 21 வருடம் கழித்து நான் எடுத்த புகைப்படங்கள் மறுபடி சுவரில் ஏறப்போகின்றன. தேதியை உனக்கு இரண்டு முறை அனுப்பினேன். பார்த்துவிட்டாய் என்று போன் காட்டுகிறது. வேலை அதிகமாக இருக்கும், சரி. ராத்திரி நேரத்தோடு தூங்கு. நீ எடுக்கும் படங்களை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைக்காதே, இரண்டு இடத்தில் வை.

எல்லாம் ஒரு வாடையில் ஆரம்பித்தது. பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறந்தேன், புளித்த நெடி அடித்தது. டெவலப்பர் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசல், ஸ்டாப் பாத், என்று நினைத்துவிட்டேன். அந்த அறையில் ஸ்டாப் பாத் கலக்கி 12 வருடம் ஆகிவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது. அசிட்டேட் ஃபிலிம் சிதையும்போது வரும் நெடி அது. தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது, குளிரில் வைத்துக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். நீ பள்ளி முடித்த வருடம் எடுத்த இரண்டு கோடாக்ரோம் கலர் ஃபிலிம் ரோலும் கழுவாமலே உள்ளே கிடந்தன. அந்த ஃபிலிமைக் கழுவ வாங்குவதே 2010 டிசம்பரோடு நின்றுபோனது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டது என் தப்பு. மறுநாளே, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரைத் துடைத்து நிறுத்திவைத்தேன்.

கை எதையும் மறக்கவில்லை, பாப்பா. 16-க்கு 20 அங்குலத் தாளை டெவலப்பர் கரைசலில் விட்டு டிரேயை ஆட்டினால் முதலில் கறுப்பு எழும்புகிறது, அப்புறம்தான் முகம். இந்த வயதிலும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் அலசினேன். படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ தாளில் மிச்சமிருந்தால் பழுப்பேறிவிடும். மொத்தம் 34 படம், எல்லாம் என் கையால் போட்டவை. நீ வந்து பார்க்க வேண்டும்.

போன மாதம் வீடியோவில் பேசியபோது உன் பின்னால் மாப்பிள்ளை சத்தமே இல்லை. அம்மா கேட்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை. உன் கண்ணுக்குக் கீழே இருந்த நிழல் ஜன்னல் வெளிச்சத்தால் வந்ததல்ல. நிழலைப் பார்த்தே பிழைத்தவன் நான். தூங்கு.

முதல் சுவரில் அந்த மழைக் கிழவி படம்தான். அதை முதன்முதலில் பிரிண்ட் போட்ட ராத்திரி நீ இருட்டறைக் கதவைத் தட்டினாய். உனக்கு 15 வயது. "திறக்காதே, தாள் வெளியே இருக்கு" என்று கத்தினேன். தாளைக் கறுப்பு உறையில் போட்டுவிட்டுக் கதவைத் திறக்க ஐந்து விநாடி போதும். நான் போடவில்லை. வானம் இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும் என்று மேலும் இரண்டு தாள் போட்டேன். வெளியே வந்தபோது நீ தூங்கியிருந்தாய், கன்னம் ஈரமாக இருந்தது. எழுப்பவில்லை. மறுநாளும் கேட்கவில்லை, பிரிண்ட் நன்றாக வந்த சந்தோஷத்தில் இருந்தேன். இந்த முறை அதே படத்தை அலசிய ஒரு மணி நேரமும் எனக்கு அந்தத் தட்டல்தான் கேட்டது. அதற்கப்புறம் நீ என்னிடம் எதற்கும் வந்து நின்றதே இல்லை.

அன்றைக்கு எதற்குத் தட்டினாய்? எழுது. இப்போது என்ன என்பதையும் எழுது. எத்தனை மணியானாலும் கூப்பிடு, தாள் கெட்டாலும் கெடட்டும், எடுப்பேன். கண்காட்சிக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தை மறந்துவிடாதே. இரண்டு இடத்தில் வை.

அப்பா