வரப்பு வெட்டுவது யார் என்று கேட்டாயே

அன்புள்ள மதி,

உன் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. வாட்ஸ்அப்பில் எவ்வளவு பேசினாலும், நீ பேனா பிடித்து நாலு பக்கம் எழுதினால்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது. அழியாநிலை இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவாயே, அந்த மதியின் கையெழுத்து கொஞ்சமும் மாறவில்லை. நீங்கள் இலங்கைக்குத் திரும்பி இத்தனை வருடம் ஆகியும் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதெல்லாம் உன் நினைப்பு வரும்.

அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? இரண்டு பேரப்பிள்ளைகளையும் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது அறுபத்தைந்து வயதில் சின்ன வேலை இல்லை. உன் தங்கை குவைத்தில் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் அம்மாவைத்தான் முதலில் நினைத்தேன்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "உங்கட ஊர் ஆம்பிளையள் எல்லாரும் வெளிநாட்டில என்டால், வயல் வரப்பை யார் வெட்டுறது?" ஒரு வாரமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை என்பது உனக்குத் தெரியும். முறை வைத்து விடும் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் பாதி காய்ந்துவிடும். அதனால் போர் மோட்டாரைத்தான் நம்பியிருக்கிறோம். மும்முனை மின்சாரம் பகலில் கொஞ்ச நேரம், இரவில் கொஞ்ச நேரம். இப்போது எங்கள் பக்கம் இரவு பத்து மணிக்கு வருகிறது. கரண்ட் வந்ததும் போய் மோட்டார் போட வேண்டும், மடை மாற்ற வேண்டும், எலி வளையில் தண்ணீர் ஓடுகிறதா என்று வரப்போடு நடந்து பார்க்க வேண்டும். எங்கள் அப்பா காலத்தில் பெண்பிள்ளை யாரும் இதற்குப் போனதில்லை. இப்போது எங்கள் வயல்வெளியில் பத்து மணிக்கு ஏழெட்டு டார்ச் வெளிச்சம் தெரியும். எல்லாமே பெண்கள். ஒருத்தியின் மாப்பிள்ளை துபாயில், ஒருத்திக்குச் சவூதியில், மற்ற எல்லோருக்கும் என் வீட்டுக்காரர்போல் சிங்கப்பூரில். பயத்துக்கு ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வோம். போன மாதம் பக்கத்து வயல் அக்கா கண்ணாடி விரியன் மேல் கால் வைக்க இருந்தாள். நல்லவேளை, டார்ச் பிடித்திருந்தாள்.

ஆக, மோட்டாரும் மடையும் எங்கள் வேலையாகிவிட்டன. வரப்பு வெட்டுவதும் வரப்போரம் மண் அணைத்து அண்டை கட்டுவதும் இன்னும் ஆண்கள் வேலைதான். ஆனால் அதற்கு ஆள் இல்லை. இருக்கும் நாலைந்து பேருக்கு வாரக்கணக்கில் காத்திருந்து 700 ரூபாய் கொடுக்கிறோம். அதே வயலில் குனிந்த முதுகு நிமிராமல் களை எடுக்கிற பெண்ணுக்கு 300. ஆள் வராத வருடம் நானும் நாத்தனாரும் மண்வெட்டியை எடுத்து எங்கள் வரப்பை நாங்களே வெட்டினோம். அந்த வேலைக்கு 700 என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அது வீட்டு வேலையோடு சேர்ந்துபோனது. ஆண் செய்யும்போது கூலியாக இருந்த வேலை, பெண் கைக்கு மாறியதும் கணக்கிலேயே இல்லாமல் போகிறது. எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான்.

2015இல் தமிழ்நாட்டில் ஒரு பெரிய கணக்கெடுப்பு எடுத்தார்கள். மாநிலத்திலிருந்து சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அதிகம் பேர் சிங்கப்பூரில் என்று வந்தது. அதில் பெண்கள் நூற்றுக்கு 15 பேர்தான். இங்கே எந்த ஊருக்குப் போனாலும் கண்ணால் பார்க்கலாம். பேராவூரணி பக்கம் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துப் போட்ட பிறகு, தோப்பு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளும் பாஸ்போர்ட் எடுத்தார்கள். தென்னங்கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை வட்டி காத்திருக்குமா?

வெளிநாட்டுப் பயணம் எங்கள் பக்கம் புதிதும் இல்லை. கடற்கரை ஊர்களில் வெளிநாட்டில் இருப்பவரைச் சபுராளி என்பார்கள். செட்டிநாட்டில் அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் திரும்புவார்கள். அந்த மூன்று வருடமும் அவ்வளவு பெரிய வீட்டை ஆச்சிமார்கள்தான் நடத்தினார்கள். வீட்டுக்கு வீடு இருப்பு, செலவு, சீர்முறை எல்லாம் அவர்கள் தலையில். ஆனால் கடைக்குப் பேர் செட்டியார் பேர்தான்.

பேர் என்றதும் சொசைட்டி ஞாபகம் வருகிறது. நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. பயிர்க்கடனுக்கு, நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டாவும் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் வேண்டும். சிட்டாவில் பேர் யாருக்கோ அவருக்குத்தான் கடன். உழுது விதைத்து உரம் போட்டு நிற்பவள் என் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பாள். பட்டாதாரர் சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தின் இருபதாவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருப்பார். "அவரு கையெழுத்து இல்லாமக் குடுக்க முடியாதா அக்கா?" என்று கேட்பாள். "பவர் பத்திரம் அனுப்பச் சொல்லும்மா, அங்கே தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்பணும்" என்பேன். அவர் ஒரு நாள் லீவு போட்டு அதைச் செய்வதற்குள் விதைப்புப் பருவம் முடிந்துவிடும். அப்புறம் அவள் தன் நகையைக் கொண்டுவருவாள். நகைக்கடனுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம், கழுத்தில் கிடப்பதே போதும். அந்த நகையும் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்காக ஏற்கெனவே ஒருமுறை அடகுக்குப் போய், முதல் ஒரு வருடச் சம்பளத்தில் மீட்டது.

நெல் அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனாலும் இதே கதைதான். ராத்திரி முழுக்கக் குவியலுக்குக் காவல் இருப்பவள் அவள், பணம் ஏறுவது அவர் கணக்கில். அவர் நல்ல மனிதர் என்றால் அன்றைக்கே இவளுக்கு அனுப்பிவிடுவார். அனுப்பாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் என்ன வாங்குவது, எந்தப் பிள்ளையை எங்கே படிக்க வைப்பது, டிராக்டருக்கு எவ்வளவு என்று எதைக் கேட்டாலும் பெண்கள் "அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். முன்பெல்லாம் கேட்டுச் சொல்ல வாரக்கணக்கு ஆகும், அதற்குள் அவளே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இப்போது வீடியோ காலில் அஞ்சு நிமிடத்தில் கேட்டுவிடலாம். செல்போன் வந்து அவள் முடிவெடுப்பது குறைந்துபோனதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஊரில் இருக்கிற ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் இரண்டு மாடி வீடு எழும்புகிறது. கொத்தனார், சித்தாள் எல்லோரும் பீகார்க்காரப் பிள்ளைகள். வீட்டுக்காரரே நல்ல கொத்தனார், ஆனால் அவர் சிங்கப்பூரில் யாருக்கோ சுவர் கட்டுகிறார். டெல்டாவில் நாற்று நட மேற்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். எங்கள் கடைமடையில் நடவே குறைந்து நேரடி விதைப்பாகிவிட்டது. நடவுக் கூலி போனது, களை இரண்டு மடங்காக வந்தது. இரண்டுமே பெண்கள் தலையில்தான். நெல் அறுக்க மெஷின் வந்துவிட்டது, அதை ஓட்டுவது ஆண்.

வெளிநாடு போய்த் திரும்பிய ஆண் மறுபடி வயலில் இறங்குவது அபூர்வம். கார் ஓட்டுவார், கடை வைப்பார், இல்லையென்றால் அடுத்த விசாவுக்குக் காத்திருப்பார். போக முடியாதவர்களின் நிலைமை இன்னும் சங்கடம். எங்கள் சித்தப்பா மகன் நன்றாக விவசாயம் பார்க்கிறான், மூன்று ஏக்கர், கடன் இல்லை. "பயணம் போகலையா?" என்று கேட்டுக் கேட்டே அவனைக் குறுக வைத்துவிட்டார்கள். இரண்டு இடத்தில் பெண் கேட்டு, மாப்பிள்ளை உள்ளூர் என்று தட்டிப்போனது.

உன் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நாட்டிலிருந்து தொண்ணூறுகளில் போனவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள் என்றால், அங்கே வீட்டில் இருக்கும் ஆண்கள், இங்கே பெண்கள் நாங்கள் செய்கிற வேலைகளையெல்லாம் கையில் எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உன் கடிதம் வேறு மாதிரி சொல்கிறது. தங்கை விட்டுப்போன சமையலும் துவையலும் பிள்ளை வளர்ப்பும் அம்மாவுக்குப் போனது. அம்மாவுக்கு முடியாத நாளில் உனக்கு. இங்கே ஆண் விட்டுப்போனது பெண்ணுக்கு வருகிறது. அங்கே பெண் விட்டுப்போனதும் இன்னொரு பெண்ணுக்குத்தான் போகிறது. கடலின் இரண்டு பக்கத்திலும் வேலை ஒரே பக்கமாகத்தான் சரிகிறது, மதி.

சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. 2013 ஜனவரியில் வீட்டு வேலைக்குப் போன உங்கள் மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கை, அவள் பார்த்துக்கொண்ட குழந்தை இறந்த வழக்கில் சவூதியில் மரண தண்டனை கொடுத்துக் கொன்றபோது நீ போனில் அழுதாய். பதினேழு வயதில் பொய் வயது போட்ட பாஸ்போர்ட்டில் அனுப்பப்பட்ட பிள்ளை. அதே வருடம் உங்கள் அரசு குடும்பப் பின்னணி அறிக்கை என்று கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் தாய் வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். 2022இல் நாட்டில் டாலர் இல்லாமல் போனதும் அந்த ஐந்து வயது இரண்டு வயதாகிவிட்டது. அந்த வருடம் மட்டும் 3 லட்சம் பேருக்கு மேல் நாட்டை விட்டுப் போனார்கள். இங்கேயும் பத்தாவது தேறாத பெண்ணுக்கு முப்பது வயது ஆகாமல் வளைகுடா வீட்டு வேலைக்கு அனுமதி கிடையாது. என் பெரியம்மா மகள் எட்டாவதுதான் படித்தவள். இருபத்தெட்டு வயதில் போக முடியாமல் விசிட் விசாவில் ஒரு ஏஜெண்டு அனுப்புகிறேன் என்றான், நான்தான் மல்லுக்கட்டித் தடுத்தேன். முப்பத்தொன்றில் முறையாகப் போனாள். தடுத்தது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை, அந்த மூன்று வருடத்தில் வட்டி ஏறிவிட்டது. ஆனால் என் வீட்டுக்காரர் முதல்முறை விமானம் ஏறியபோது எங்கள் மகனுக்கு ஏழு மாதம். குழந்தையை யார் பார்ப்பார் என்று ஒரு படிவத்திலும் அவரிடம் கேட்கவில்லை.

உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வரி. தங்கை மாப்பிள்ளை இப்போது பிள்ளைகளின் துணியைத் தானே துவைக்கிறார், ஆனால் கிணற்றடிக்குக் கொண்டுபோகாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே துவைக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அது. என் வீட்டுக்காரர் அங்கே தங்குமிடத்தில் ஆறு பேருக்கு முறை வைத்துச் சமைக்கிறார். மீன் குழம்புக்கு அவர் கைதான் என்று அறையில் பேர். இங்கே லீவில் வந்தால் அடுப்படிப் பக்கம் வர மாட்டார். மாமியார் இருக்கிறார், தெரு பார்க்கும். போன முறை ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன், டீ போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஆற்றிக் கொடுத்தார். அத்தை எழுந்து வருவதற்குள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். உங்கள் வீட்டு மாப்பிள்ளையிடம் சொல், அவரைப்போல் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறவர் இங்கேயும் ஒருவர் இருக்கிறார் என்று. அந்தக் கதவைத் திறக்கச் சொல்லவும் சொல். பையன் பார்க்கட்டும்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கூட்டுப்பட்டா பற்றிக் கேட்டேன். ஒன்றரை ஏக்கரில் என் பேரையும் சேர்த்துவிடலாமா என்று. பதினாலு வருடமாக நான்தான் விதைக்கிறேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், "பொங்கலுக்கு வரும்போது பேசுவோம்" என்றார். கோபம் இருந்ததா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. உனக்கு அவரைத் தெரியும், எங்கள் கல்யாணத்துக்குப் பந்தலில் நின்றவள் நீ. எப்படி எடுத்துச் சொல்லலாம் என்று யோசித்து எழுது.

அம்மாவுக்கு மூட்டுக்குத் தேய்க்க ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

மணி பத்தாகப் போகிறது. வெளியில் அக்கா கூப்பிடும் சத்தம் கேட்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

அன்புடன்,
உன் கலா